பதினான்கு நாட்களும் ஒரு கையொப்பமும்

நான் பிறந்தபோது நாட்டில் அவசரகால நிலை அமுலில் இருந்தது. 2005 ஓகஸ்டில் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டதையடுத்துப் பிரகடனம் செய்யப்பட்ட அது, மாதா மாதம் நீடிக்கப்பட்டு 2011 ஓகஸ்டில்தான் முடிவுக்கு வந்தது. பிறகு 2018 மார்ச். 2019 ஏப்ரல். 2021 ஓகஸ்ட். 2022 இல் ஏப்ரல், மே, ஜூலை. கடைசியாக 2025 நவம்பர். பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி எண்ணி முடிக்க ஒரு கை விரல்கள் போதவில்லை என்றால், இதற்கு "அவசரம்" என்று பெயர் வைப்பது சரியா என்ற கேள்வி எனக்குள் எழுகிறது.

எங்கள் வீடுகளில் இந்தச் செய்தி வரும்போது பெரியவர்கள் பெரும்பாலும் பதற்றப்படுவதில்லை. "அவசரகாலச் சட்டம் போட்டாச்சாம், இனிப் பயமில்லை" என்று ஆறுதலடைபவர்களே அதிகம். சந்தியில் ஆமிக்காரர் நின்றால் பிள்ளைகள் பத்திரம் என்ற நினைப்பு அது. கலவரத்தையும் குண்டுவெடிப்பையும் கண்ட தலைமுறைக்கு அந்த நினைப்பு வருவதில் தவறில்லை. அரசுக்கு இப்படியோர் அதிகாரமே இருக்கக்கூடாது என்று நானும் சொல்லவில்லை. அந்த அதிகாரம் எப்போது முடிகிறது, முடித்து வைப்பவர் யார் என்பதுதான் என் கவலை.

அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பட்டியலிடும்போது "அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தல்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் இருப்பது சின்ன விஷயமல்ல. அதன் அடிப்படை, 1947 இன் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். சுதந்திரம் கிடைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்த காலத்தில் வந்த சட்டம் அது. வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததால் ஹர்த்தால் வெடித்தபோது அது கையிலெடுக்கப்பட்டது. 2021 இல் அரிசிக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு வந்தபோதும் அதே சட்டம்தான் வந்தது. அரிசிப் பிரச்சினைக்கும் ஆயுதக் கிளர்ச்சிக்கும் ஒரே மருந்து!

1978 அரசியலமைப்பின் 155 ஆம் உறுப்புரையின்படி, அவசரகால நிலை அமுலில் இருக்கும்போது ஜனாதிபதி ஆக்கும் ஒழுங்குவிதிகள், அரசியலமைப்பைத் தவிர நாட்டின் வேறெந்தச் சட்டத்தையும் மேவலாம், திருத்தலாம், இடைநிறுத்தலாம். நிதானமாக வாசித்துப் பாருங்கள். 225 பேர் கூடி, விவாதித்து, வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தை ஒரேயொருவரின் கையொப்பம் ஒதுக்கி வைக்கலாம். கைது, தடுத்துவைப்பு, கூட்டம் கூடுதல், துண்டுப்பிரசுரம், உடை எல்லாமே அந்தக் கையொப்பத்துக்குள் வரும். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சென்றாலும் நாலு பேரைக் கூட்டி மஷூரா செய்கிறோம். இதற்கு மஷூரா பிறகுதான்.

அந்தப் "பிறகு" தான் எங்களிடம் உள்ள தடுப்பு. பிரகடனம் செய்து பதினான்கு நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். அங்கீகரித்தாலும் ஒரு மாதம்தான். தொடர வேண்டுமென்றால் மீண்டும் பிரகடனம், மீண்டும் வாக்கெடுப்பு. இது வெறும் காகிதப் பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 ஆம் திகதி பிரகடனமான அவசரகால நிலை, ஆளும் தரப்பிலிருந்து நாற்பது பேரளவில் விலகிச் சுயாதீனமாக இயங்கப்போவதாக அறிவித்த 5 ஆம் திகதி இரவே வாபஸ் பெறப்பட்டது. அடுத்த மாதம் பிரகடனமானது பாராளுமன்றத்துக்கே கொண்டுவரப்படாமல் இரண்டு வாரத்தில் தானாக முடிந்துபோனது. வாக்கெடுப்பு என்ற ஒன்று காத்திருந்ததால் நடந்தவை இவை.

ஆனால் இதைவிடப் பலமான பூட்டொன்று முன்னர் இருந்தது. அதைப் பற்றி எங்களில் அநேகருக்குத் தெரியாது. நானும் இந்தக் கட்டுரைக்காகத் தேடி வாசித்தபோதுதான் அறிந்துகொண்டேன். 1978 அரசியலமைப்பு எழுதப்பட்டபோது, அவசரகால நிலை 90 நாட்களைத் தாண்டினால் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றிலிரண்டு வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. எதிர்க்கட்சியின் சம்மதமும் தேவைப்படக்கூடிய அளவுக்குப் பாரமான நிபந்தனை. 1986 இல் பத்தாவது திருத்தம் அதை நீக்கியது. நீக்கியவர்கள் யார்? 1977 இல் தெரிவாகி, 1982 இல் தேர்தலுக்குப் பதிலாக சர்வஜன வாக்கெடுப்பொன்றை நடத்தித் தன் ஆயுளை நீட்டிக்கொண்ட அதே பாராளுமன்றம். அயல்நாட்டைப் பாருங்கள். 1975 ஜூனிலிருந்து இருபத்தொரு மாதங்கள் நெருக்கடி நிலையை அனுபவித்த இந்தியா, அது முடிந்த பின் 1978 இல் 44 ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, இத்தகைய பிரகடனத்துக்கு இரு சபைகளிலும் மூன்றிலிரண்டு ஆதரவு வேண்டும் என்று இறுக்கியது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற தெளிவற்ற காரணத்தையும் "ஆயுதக் கிளர்ச்சி" என்று மாற்றியது. அவர்கள் பூட்டைப் போட்ட சில வருடங்களில் நாங்கள் பூட்டைக் கழற்றினோம்.

பெரும்பான்மை பலமுள்ள அரசாங்கம் ஒன்றுக்கு மாதாந்த வாக்கெடுப்பு ஒரு சடங்கு மட்டுமே. கை உயர்த்துவார்கள், இறக்குவார்கள், அடுத்த மாதம் மறுபடி. நான் பிறந்த அந்த அவசரகாலம் ஆறு வருடங்கள் நீடித்தது அப்படித்தான். யுத்தம் 2009 மே மாதம் முடிந்தும் அது இரண்டு வருடங்களுக்கு மேல் தொடர்ந்தது.

"பாதுகாப்புக்காகத்தானே?" என்று கேட்பீர்கள். இனி அதைப் பார்ப்போம். இது எங்கள் சமூகத்தைத் தொட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது நாட்டில் அவசரகால நிலை இல்லாமல் இல்லை. அது மே மாதத்திலிருந்தே அமுலில் இருந்தது. 2018 மார்ச் மாதம் எங்கள் கண்டி மாவட்டத்தில் திகன பற்றியெரிந்தபோது, 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டிலே லைட்டுகளை அணைத்துவிட்டு உம்மம்மாவின் அறையில் எல்லோரும் ஒன்றாகப் படுத்திருந்தோம். பிரகடனச் செய்தி வந்தபோது "அல்ஹம்துலில்லாஹ்" என்று உம்மம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மறுநாளும் தாக்குதல்கள் நடந்தன. 2019 ஏப்ரல் 21 இன் பின்னர் வந்த அவசரகால நிலையின் நடுவில், மே 13 ஆம் திகதி, குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் நாத்தாண்டியாப் பக்கமும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஓர் உயிரும் பறிபோனது. நாட்டிலுள்ள அத்தனை விசேட அதிகாரங்களும் அரசின் கையில் இருந்த நாள் அது. அதிகாரம் போதாமல் அந்தக் கடைகள் எரியவில்லை. இருக்கின்ற சட்டத்தை உரிய நேரத்தில் நடைமுறைப்படுத்தாததால் எரிந்தன. சாதாரணத் தண்டனைச் சட்டக்கோவையிலேயே தீ வைத்தலும் கொலையும் குற்றங்கள்தான்.

இன்னொரு பக்கம், அதே அதிகாரம் எங்கள் வீட்டுக்குள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 29 முதல் அவசரகால ஒழுங்குவிதியொன்றின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. 250 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு ஒரு வாரமே ஆகியிருந்த நேரம். அடையாளம் காண முடியவேண்டும் என்ற எண்ணத்தை நான் குறை கூறமாட்டேன். நிகாப் பற்றி எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உண்டு, அது வேறு விடயம். பார்க்க வேண்டியது, அந்த விதி எவ்வளவு தூரம் பரவியது என்பதை. விதியில் இருந்தது முகம். ஆனால் முகத்தை மூடும் பழக்கமே இல்லாத என் சாச்சியை ஓர் அலுவலக வாசலில் நிறுத்தி, தலையிலிருப்பதைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். அவர் வந்த காரியத்தைச் செய்யாமலே திரும்பிவிட்டார். ஓகஸ்ட் மாதம் அவசரகால நிலை முடிந்ததும் விதியும் போய்விட்டது. சாச்சி அந்த அலுவலகத்துக்கு இன்றுவரை போகவில்லை. வேலை இருந்தால் சாச்சாதான் போகிறார். வர்த்தமானி காலாவதியாகலாம், அது பழக்கிவிட்ட பார்வை அதே வேகத்தில் காலாவதியாவதில்லை. பாராளுமன்றத்தில் விவாதித்து வந்த சட்டமாக இருந்திருந்தால் குறைந்தபட்சம் "முகம் என்றால் முகம் மட்டும்" என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்டிருக்கலாம்.

பாராளுமன்றம் இல்லாத காலத்தில் என்ன நடக்கும் என்பதையும் நாங்கள் பார்த்துவிட்டோம். 2020 மார்ச் 2 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. புதியது கூடியது ஓகஸ்ட் 20 இல். இடையில் கொரோனா. அப்போது அவசரகால நிலை பிரகடனம் செய்யப்படவில்லை. செய்திருந்தால் கலைந்த பாராளுமன்றத்தையே மீண்டும் கூட்டவேண்டி வந்திருக்கும்; அரசியலமைப்பு அப்படித்தான் சொல்கிறது. அந்த வழியைத் தொடாமல், பழைய நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏப்ரல் 11 ஆம் திகதி வந்த வர்த்தமானி, கொரோனாவில் இறந்தவர்களை எரித்தாக வேண்டும் என்றது. எங்கள் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரியில். இதைப் படிக்கும் வீடுகளில் சிலவற்றுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவசரகாலச் சட்டத்துக்கு மட்டும் கடிவாளம் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் பதினொரு மாதங்களை யோசித்துப் பார்க்க வேண்டும்.

தற்காலிகம் என்ற சொல்லும் எங்கள் நாட்டில் நம்ப முடியாத சொல்லாகிவிட்டது. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு மட்டும் என்று கொண்டுவந்து, 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். இது இலக்கிய இதழ் என்பதால் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், "நவரசம்" என்ற தன் தமிழ்க் கவிதை நூலின் காரணமாக 2020 மே மாதம் அந்தச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதை எழுதி இந்த இதழுக்குக் கொடுக்கும் தோழிகளே, "தற்காலிக"ச் சட்டமொன்றுக்கு நாற்பது வயதானபோது அதன் கைக்குள் அகப்பட்டது ஒரு கவிதைப் புத்தகம்.

நீதிமன்றம் இருக்கிறதே என்றால், ஆம், இருக்கிறது; சில தடவைகள் தைரியமாகவும் நின்றிருக்கிறது. பிரகடனத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் 1998 இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை நிறுத்துவதற்கு அவசரகால அதிகாரம் பயன்படுத்தப்பட்டபோது, அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறுவது என்று உயர் நீதிமன்றம் 1999 இல் தீர்ப்பளித்தது. கடந்த 2025 ஜூலை 23 இல் வந்த தீர்ப்பு அதைவிடப் பெரியது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்ரமசிங்ஹ செய்த அவசரகாலப் பிரகடனம் தன்னிச்சையானது, சமத்துவ உரிமையை மீறுவது என்று மூன்று நீதியரசர்களில் இருவர் தீர்மானித்தார்கள். ஒருவர் உடன்படவில்லை.

அந்தத் தீர்ப்பை வாசித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் திகதிகளைப் பாருங்கள். பிரகடனத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் மூன்று வருடங்கள். அந்த அவசரகால நிலை அமுலில் இருந்தபோதுதான், ஜூலை 22 ஆம் திகதி விடியுமுன் காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் படையினரால் கலைக்கப்பட்டார்கள். பின்னர் தன்னிச்சையானது என்று நீதிமன்றம் கண்ட அதே பிரகடனத்தைப் பாராளுமன்றம் அந்த மாத இறுதியில் பெரும்பான்மை வாக்குகளால் அங்கீகரித்தும் இருந்தது. அன்று கை உயர்த்தியவர்களிடம் இப்போது யார் கேட்பது?

தென்கொரியாவில் நடந்ததை இதோடு ஒப்பிடத் தோன்றுகிறது. 2024 டிசம்பர் 3 ஆம் திகதி இரவு அங்கே ஜனாதிபதி யூன் சுக் யோல் திடீரென இராணுவச் சட்டத்தை அறிவித்தார். படையினர் பாராளுமன்றக் கட்டடத்துக்கு வந்துவிட்டார்கள். உறுப்பினர்களில் சிலர் மதிலேறிக் குதித்து உள்ளே போனார்கள். நள்ளிரவு தாண்டி 190 பேர் வாக்களித்தார்கள், 190 பேரும் அதை நீக்கவேண்டும் என்றே வாக்களித்தார்கள். ஜனாதிபதியின் சொந்தக் கட்சிக்காரர் சிலரும் அதில் இருந்தார்கள். விடியுமுன் இராணுவச் சட்டம் வாபஸ். நான்கு மாதத்தில் அவருடைய பதவியும் போனது. கொரியாவின் சட்டத்தில் பாராளுமன்றம் நீக்கச் சொன்னால் நீக்கியே ஆகவேண்டும் என்று இருந்தது உண்மை. ஆனால் மதிலேறும் மனசு சட்டத்தில் எழுதப்படுவதில்லை. எங்கள் பாராளுமன்றத்தில் பலருக்குக் கட்சித் தலைவரின் முகத்தைப் பார்க்காமல் கை எழும்பாது.

வாப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டார்: "நல்ல மனுசன் கையில இருந்தா என்ன மகள்? புயல் நேரத்துல அவசரகாலச் சட்டம் போட்டது நல்லதுக்குத்தானே?" நியாயமான கேள்வி. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் பிரட்டிப் போட்டபோது, மண்சரிவில் வீதிகள் மூடுண்டு ஊர்கள் தனித்துப்போயிருந்த நேரத்தில், 28 ஆம் திகதி பிரகடனமான அவசரகால நிலையை எங்கள் ஊரில் யாரும் எதிர்க்கவில்லை. நிவாரணம் விரைவாக வரட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அனர்த்தங்களுக்கென்றே 2005 ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு வந்தது, அனர்த்த நிலையைப் பிரகடனம் செய்யும் அதிகாரமும் அதில் உண்டு. அந்தச் சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதை அடைக்க வேண்டும். வெள்ளத்துக்கு ஓடம் தேடும்போது, கைது செய்யவும் பேச்சைக் கட்டுப்படுத்தவும் வழிவிடுகின்ற 1947 ஆம் ஆண்டின் ஆயுதத்தைக் கையிலெடுப்பது ஏன்? நல்ல மனிதர் எடுத்துப் பழகியதை அடுத்தவர் எடுக்கும்போது தடுக்க முடியாமல் போகும். 1986 இல் பூட்டைக் கழற்றியவர்களும், அதைத் திருப்பிப் பூட்டாமல் வந்து போன எல்லா அரசாங்கங்களும் தங்களை நல்லவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

புதிய அரசியலமைப்பைப் பற்றித் தேர்தல் காலங்களில் எல்லோரும் பேசுகிறார்கள். அது எப்போது வரும் என்பதை விடுங்கள். 90 நாட்களுக்கு மேல் போனால் மூன்றிலிரண்டு என்ற பழைய நிபந்தனையைத் திருப்பிக் கொண்டுவர, ஒரு சிறிய திருத்தம் போதும். ஒழுங்குவிதிகளையும் பிரகடனத்தையும் நீதிமன்றம் மூன்று வருடங்களில் அல்ல, சில நாட்களில் விசாரிக்க வழி செய்யலாம். எந்தக் கட்சி வேட்பாளர் எங்கள் ஊருக்கு வந்தாலும் பாதை போடுவீர்களா, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் தருவீர்களா என்று கேட்கும் பெற்றோர்கள் இதையும் ஒரு வரி கேட்கலாம்.

இந்த வருடம் எனக்குப் பதினெட்டு வயது பூர்த்தியாகிறது. வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் கொடுப்பேன். அடுத்த பிரகடனம் எப்போது வருமோ தெரியாது. வந்தால், வர்த்தமானியின் திகதியைக் கொப்பியில் குறித்துக்கொண்டு பதினான்கு நாட்களையும் எண்ணுவதாக நானும் என் வகுப்புத் தோழிகள் மூவரும் பேசி வைத்திருக்கிறோம். வாக்கெடுப்பு நடக்கும் நாளில் எங்கள் மாவட்டத்து உறுப்பினர்கள் சபையில் இருந்தார்களா, எப்படி வாக்களித்தார்கள் என்று ஹன்சாட்டில் பார்த்து, பெயர் பெயராக எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டப் போகிறோம்.